டி-யில் போட்ட பிறகு ஐந்து விநாடி

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது உன் ஓட்டோமற்றிக் காரைப் பற்றிப் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "அப்பா, காலையில் கியரை டி-யில் (முன்னே போகிற கியரில்) போட்டால் கார் கொஞ்ச நேரம் அசையாது. பிறகு டக்கென்று ஒரு இடி இடித்துக்கொண்டு வெளிக்கிடும். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும்." அதோடு வேலைக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாய். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் "சரி, சரி" என்று தலையாட்டுவாய் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக் காலையில் பிரேக்கை அழுத்தியபடி டி-யில் போட்டுவிட்டு, கார் அந்தச் சின்ன இழுப்பு இழுக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணு. உன் வின்னிபெக்கின் மைனஸ் 30 பாகைக் குளிரில் இவ்வளவு பழைய கார் இரண்டு விநாடி பிந்தினால் நான் பெரிதாக எடுக்கமாட்டேன். ஐந்து விநாடி என்றால் அது வேறு கதை.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உனக்கு விளங்கும். ஓட்டோமற்றிக் கியர்பெட்டியில் கியர் போடுவது ஒயில்தான். பம்ப் ஒயிலை அழுத்தித் தள்ள, ஒரு பிஸ்டன் நகர்ந்து கிளட்ச் தட்டுகளைச் சேர்த்து இறுக்கும். அந்த அழுத்தம் வழியில் ஒழுகிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது ரப்பர் சீல்கள். மார்கழியில் நம் சமையலறையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கல்லாய்க் கிடக்குமே, கரண்டியால் குத்தி எடுப்போமே. கியர்பெட்டிக்குள் இருக்கிற ட்ரான்ஸ்மிஷன் ஒயில் அப்படி உறையாது. ஆனால் தடிக்கும், மிக மோசமாகத் தடிக்கும். டெக்ஸ்ரன்-3 என்ற பழைய தரத்து ட்ரான்ஸ்மிஷன் ஒயிலுக்கு மைனஸ் 40 பாகையில் 20,000 சென்டிபோய்ஸ் (தடிப்பை அளக்கிற அலகு) வரை அனுமதி இருந்தது. நன்றாகச் சூடானபின் இருப்பதைவிட அது ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பு. 2005இல் டெக்ஸ்ரன்-6 வந்தபோது அந்த எல்லையை 15,000 ஆகக் குறைத்தார்கள்.

ஒயிலைவிட எனக்குப் பயம் சீல்களில்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கராஜில் வேலை செய்த காலத்தில், கழற்றிய கியர்பெட்டிகளிலிருந்து அந்தச் சீல்களை எடுத்து விரலால் வளைத்துப் பார்ப்பேன். புதியது காதுமடல் மாதிரி மெல்லிசாக வளைந்து, விட்டதும் பழையபடி வந்து நிற்கும். பதினைந்து வருஷம் சூட்டில் கிடந்தது முறுக்கு மாதிரி படக்கென்று முறியும். அப்படி இறுகிய ரப்பர் குளிரில் இன்னும் சுருங்கி, ஓரத்தால் அழுத்தத்தை விட்டுவிடும். கார் சூடானதும் சற்று விரிந்து, திரும்பவும் பொருந்தும். அதனால்தான் பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியானதுபோல உனக்குத் தெரிகிறது. நோய் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, பிள்ளை.

ஆனால் ஒயில் குறைந்திருந்தாலும் இதே குறிதான் காட்டும். அப்படி இருக்கட்டும் என்று கடவுளைக் கும்பிடுகிறேன், அது சில டொலர்களோடு முடிகிற விஷயம். ஆகவே முதல் வேலை ஒயிலைப் பார்ப்பது. அரை மணி நேரம் ஓடி வந்தபின், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடு. பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய்த் திரும்பவும் பி-யில் (காரை நிறுத்தி வைக்கிற இடத்தில்) விடு. பிறகு கியர்பெட்டி ஒயிலின் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, திரும்ப எடுத்துப் பார். எஞ்சின் ஒயில் கம்பியோடு மாறிவிடாதே, இது தனிக்கம்பி. சூட்டுக்குரிய இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஊற்றிவிட்டு மறந்துவிடாதே. என்ன ஒயில் என்பது காரோடு வந்த கைநூலில் இருக்கும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று கடையில் தருவதை வாங்காதே.

1994 ஜனவரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அது கடும் குளிர் அடித்த மாதம். ஊரில் எல்லாமே கையால் கியர் போடுகிற கார்கள். ஓட்டோமற்றிக் எனக்குப் புதிது. விடிகாலை வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. டி-யில் போட்டேன், கார் அசையவில்லை. பொறுமை இல்லாமல் அக்சிலரேற்றரை மிதித்தேன். எஞ்சின் அலறியது, அதன் நடுவில் கிளட்ச் வந்து பிடித்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தக் கியர்பெட்டி பங்குனி வரைதான் தாங்கியது. அந்த வருஷம் கொழும்பில் இருந்த உன் அப்பம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த காசு முழுக்க அதற்குப் போனது. அதனால்தான் சொல்கிறேன், கார் பிந்தும்போது மிதிக்காதே. மிதிக்கவே மிதிக்காதே.

எஞ்சின் ஹீற்றரின் வயரை இரவு கரண்டில் செருகி விடுகிறாய், நல்லது. ஆனால் அது எஞ்சினைத்தான் சூடாக்கும். கியர்பெட்டி இரவு முழுக்கக் குளிரில்தான் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்து மூன்று நான்கு நிமிஷம் விடு. எஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் முதலில் மேலே நிற்கும், ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்வரை கியரைத் தொடாதே. அரை மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டும் பெரிய பலன் இல்லை, மெதுவாக ஓடினால்தான் அந்த ஒயில் சூடேறும். முதல் சில கிலோமீற்றர் வீட்டுத் தெருக்களால் போ. கடைசிக் கியர் உடனே விழவில்லை என்று பதறாதே. பல கார்களில் சூடேறும்வரை கம்ப்யூட்டரே அதை விடாது. சில்லு பனியில் புதைந்தால் டி, ஆர் (பின்கியர்), டி என்று மாற்றி மாற்றி மிதித்து வெளியே எடுக்கப் பார்க்காதே. நல்ல கியர்பெட்டியே அதில் எரிந்து போகும். சவளால் தோண்டு, மண் போடு.

ஒயில் மாற்றுவதென்றால் ஒன்று நினைவில் வைத்துக்கொள். கராஜில் மெஷின் பூட்டி முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளி எடுக்கிறோம் என்பார்கள். இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டிய காருக்கு நான் அதைச் செய்யவிடமாட்டேன். கீழ் நட்டைக் கழற்றி, வடிகிற மூன்று லீற்றர் அளவை மட்டும் மாற்றச் சொல். சில கிழமை ஓடிவிட்டுத் திரும்பவும் அதையே செய்யச் சொல்.

அப்புறம் வேலைக்கு வின்னிபெக்கிலிருந்து செல்கிர்க் நகருக்குப் போகிற விஷயம். சூடானபின்னும் கியர் பிந்தினால், அல்லது எஞ்சின் சத்தம் ஏற ஏற வேகம் ஏறாமல் இருந்தால், அந்தக் காரில் வின்னிபெக்குக்கு வெளியே கால் வைக்காதே. யாராவது கூட வேலை செய்கிற பிள்ளையோடு போ, பெற்றோல் காசைக் கொடு. ஜனவரியில் அங்கே சாதாரண இரவே மைனஸ் 20ஐ ஒட்டி நிற்கும். காற்றோடு சேர்ந்து உறைப்பது மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் விறைக்கலாம் என்று கனடா வானிலைத் துறை சொல்கிறது. நெடுஞ்சாலையில் விடிய ஐந்து மணிக்கு இழுவை வண்டி வர அதைவிடக் கூட நேரம் எடுக்கலாம். பின் சீற்றில் கம்பளியும் சப்பாத்தும் கிடக்கட்டும்.

"அப்பா தந்த கார், விற்றால் மனம் நோகும்" என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். நான் அதைத் தந்தது நீ பத்திரமாக வேலைக்குப் போய் வர. கியர்பெட்டி போய்விட்டது என்று கராஜில் சொன்னால் திருத்தாதே, காரின் பெறுமதியைவிடக் கூடக் கேட்பார்கள். திறப்பைக் கொடுத்துவிட்டு வா. வேறு காருக்கு நான் பாதி தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

இப்போதைக்கு ஒன்று செய். கம்பியில் இருக்கிற ஒயிலில் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு, படம் எடுத்து அனுப்பு. சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகின மணம் வந்தால் அன்றைக்கே எனக்குப் போன் எடு. பால் கலந்த மாதிரி ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே போகிறது, காரை அப்படியே நிறுத்திவிடு. பகல் வெளிச்சத்தில் படம் எடு, பிள்ளை. பார்க்கிங் விளக்கில் எடுத்தால் எல்லா ஒயிலும் மண்ணிறமாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அப்பா