மாதவி வேசக்காரனுக்கு

முள்ளியவளை

மச்சான்,

கடிதம் பிந்தினதுக்குக் கோவமாய் இருப்பாய். இரு. வயல், பொங்கல், பிறகு இந்த வெக்கை. அம்மா சுகம். உன்ர வளவு மாமரத்தை இந்த முறையும் குரங்குதான் ஆய்ஞ்சது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்ச கையோட கோவலன் கூத்துப் போட்டம். கனடாவில, ஸ்காபரோவில இருந்துகொண்டு நீயும் யூரியூப் துண்டில பாத்திட்டாயாம். எவ்வளவு பாத்தனி? கண்ணகி சிலம்பை ஓங்கிற அந்த ஒரு நிமிசம்! பின்னுக்குக் கேட்டது எங்கட மத்தளமில்லையடா, ஏதோ சினிமா மியூசிக். அந்த ஒரு நிமிசத்தாலதான் இந்தக் கடிதம்.

வட்டக்களரி மேடையில ஆடுறவன் சுத்தி இருக்கிற சனம் எல்லாத்துக்கும் முகம் காட்டவேணும். எங்களை அண்ணாவியார் அடிச்சுப் பழக்கினது அதைத்தானே? இந்தமுறை தெற்குப் பக்கம் ஒரு பெடியன் ஸ்ராண்டில போனை நெடுக்காய் நிப்பாட்டி, பக்கத்தில ஒரு வட்ட லைற்றும் வைச்சிட்டான். களரிக்கு வரேக்க படிக்கிற வரவுத்தருப் பாட்டுத் துவங்கினதில இருந்து கோவலன் தெற்கை விட்டு அசையேல்ல. வடக்கால பாய் விரிச்சிருந்த கிழவியள் விடியுமட்டும் அவன்ர முதுகைத்தான் பாத்ததுகள். போன் நெடுக்கெண்டபடியால் ரெண்டு பேர் அருகருகாய் நிண்டால் ஒராள் வெட்டுப்படுமாம். அதால தோழி பின்னுக்குப் போயிட்டாள். உன்ர மாதவிக்குச் சேலை கழண்ட அண்டைக்குக்கூட நாலு பக்கச் சனமும் குறையில்லாமல் பாத்தது.

பெடியனைப் பிடிச்சுக் கதைச்சன். கெட்டவன் இல்லை, கணக்குத் தெரிஞ்சவன். யூரியூப்பில விளம்பரக் காசு வரவேணுமெண்டால் 1,000 பேர் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கவேணுமாம். அதோட ஒரு வருசத்தில சனம் 4,000 மணித்தியாலம் பாத்திருக்கவேணும், இல்லாட்டி ஷோர்ட்ஸ் எண்ட சின்னத் துண்டு வீடியோவை 90 நாளுக்குள்ள ஒரு கோடி தரம். "விடிய விடிய ஆடுறதை ஆர் அண்ணை பாப்பினம்? முதல் மூண்டு செக்கனில ஆளைப் பிடிக்கவேணும்" எண்டான். மூண்டு செக்கன்! துவக்கத்தில காப்புப் பாட முதல் அண்ணாவியார் செருமித் தொண்டையைச் சரிபண்ணவே அதைவிடக் கூட நேரம் எடுக்கும். 2024 ஒக்ரோபரில ஷோர்ட்ஸை மூண்டு நிமிசம் வரைக்கும் நீட்டிப் போட்டாங்களாம், பெரிய மனசு.

ஆனால் கேள். அவன் போட்ட இன்னொரு துண்டில அண்ணாவியாரின்ர குரல் அப்பிடியே இருந்தது. அதைப் பாத்து ஒட்டுசுட்டானில இருந்து ஒரு பெட்டை தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறாள். தருவை அப்பிடியே பாடினாள், தாளம் பிசகேல்ல. துண்டு முடிஞ்ச இடத்தில நிப்பாட்டிப் போட்டு, "இதுக்குப் பிறகு என்ன வரும்?" எண்டு கேட்டாள். கிழவனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. இப்ப பின்னேரங்களில வந்து பழகிறாள். கூத்துக்குப் பெட்டையோ எண்டு முணுமுணுக்கிறவை முணுமுணுக்கட்டும்.

அதால போனே வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குக் கடுப்பு உங்களிலதான். உடுப்புக்கும் லைற்றுக்கும் உங்கட சங்கம் காசு தருமாம், ஆனால் அடுத்தமுறை கூத்து ரெண்டு மணித்தியாலத்தில முடியவேணுமாம், வழக்குரைக்கிற இடம் முன்னுக்கு வரவேணுமாம், லைவில பாக்கிற சனம் நிக்காதாம். கடிதத்தில உன்ர கையெழுத்தும் கிடக்கு. வாசிச்சுக் காட்டினன். அண்ணாவியார் ஒண்டும் சொல்லேல்ல, வெத்திலையை மடிச்சுக்கொண்டு எழும்பிப் போயிட்டார்.

2009இல ஒண்டுமில்லாமல் முகாமுக்குப் போய்த் திரும்பின சனம் நாங்கள். எத்தினை கூத்து ஏடு போச்சு, எத்தினை வேச முடி, சலங்கை போச்சு எண்டு உனக்குத் தெரியும். அதுக்கு முதல் ஒரு இரவையாவது ஆரும் முழுசாய்ப் பதிஞ்சு வைச்சிருந்தால், இண்டைக்கு அண்ணாவியார் விட்டுப்போன தருவுகளை ஒவ்வொரு கிழவரின்ர வாயிலயும் தேடித் திரியத் தேவையில்லை. காசு இருக்கெண்டால் களரியின்ர நாலு பக்கமும் கமெரா வைக்கத் தாங்கோ. காப்பில இருந்து மங்களம் வரைக்கும் ஓடட்டும். பெடியன் தனக்குத் தேவையான துண்டைப் பிறகு அதில இருந்து வெட்டட்டும், கோவலன் தன்ர பாட்டில சுத்தி ஆடட்டும்.

இதைச் சங்கக் கூட்டத்தில நீதான் சொல்லவேணும். அடுத்த பழக்கம் துவங்க முதல் எனக்கு முடிவு தெரியவேணும், ஆக்களுக்குச் சொல்லோணும். எழும்பி நிண்டு கதைக்கப் பயமெண்டால் சேலையைக் கட்டிக்கொண்டு போ, இந்தமுறை இறுக்கிக் கட்டு.

உன்ர
பிற்பாட்டுக்காரன்