விசாகப்பட்டினத்தில் நிற்கும் அரக்கோணத்து விமானம்: ஓர் ஆசிரியைக்குக் கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். அரக்கோணத்துப் பிள்ளைகளை விசாகப்பட்டினம் சுற்றுலா கூட்டிப்போகும்போது, கடற்கரைச் சாலையில் நிற்கும் அந்தப் பெரிய விமானத்தில் எதைக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அது வெளியூர் விமானம் இல்லை, டீச்சர். 1992 முதல் 2017 வரை உங்கள் ஊரில் குடியிருந்துவிட்டுப் போனதுதான். உங்கள் பிள்ளைகளைவிட அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கும், குறைந்தபட்சம் காதால்.

அதன் பெயர் டியு-142எம். கடலுக்குள் ஒளியும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட நம் கடற்படை வைத்திருந்த ரோந்து விமானம். சோவியத் தயாரிப்பு. எட்டு விமானங்கள் வாங்கினோம். 1988இல் கோவாவில் உள்ள ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத்தளத்தில் படையில் சேர்ந்தன. ஓட்டிய படையணியின் எண் 312. அதற்கு முன் அதே படையணி சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. ஏர் இந்தியா பயணிகளை ஏற்றிப் பறந்து, பிறகு விமானப்படைக்குப் போய், 1976இல் கடற்படைக்கு வந்து சேர்ந்தவை அவை. அவற்றில் ஒன்று கோவாவில் போக்மாலோ அருகே கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோவா சுற்றுலா என்று ஒன்று வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

ஹன்சா இருக்கும் டபோலிம் தளத்தில் பயணிகள் விமானங்களும் இறங்குகின்றன. டியு-142எம் முழு எடையோடு கிளம்பினால் 185 டன். அவ்வளவு எடைக்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். அரக்கோணத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில்தான் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும் ஓடுதளத்தோடு புதிய தளம் எழுந்தது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற அந்தத் தளத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு இந்த விமானங்கள் குடிவந்தன.

‘கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை?’ என்று எந்தப் பையனாவது கேட்பான். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். சுமார் 12,000 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அரக்கோணத்திலிருந்து வங்காள விரிகுடா ஒரு தூரமே இல்லை. கடலோரத் தளத்தில் உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துக்கொண்டே இருக்கும். உள்ளே தள்ளிப் போனால் அந்தத் தொல்லை குறையும். ஓடுதளம் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கு உங்கள் ஊர் மே மாதமே பதில். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கை தரும் தூக்குவிசையும் குறையும், எஞ்சினின் பலமும் குறையும். குளிர்நாட்டில் எழும்பும் அதே எடை இங்கே இன்னும் கொஞ்சம் ஓடித்தான் எழும்பும்.

இனி விசாகப்பட்டினம். விமானத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால், குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் மணலில் நிற்கிறது. எல்லாரும் விமானத்தை முதலில் பார்ப்பார்கள். நீங்கள் குர்சுராவில் தொடங்குங்கள். ஒளிகிறவனைத் தெரிந்துகொள்ளாமல் தேடுகிறவனைப் புரிந்துகொள்ள முடியாது. 1969இல் படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்ற கப்பல் அது. நீளம் சுமார் 91 மீட்டர். தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் டீசல் எஞ்சினை ஓட்டி ஏற்றியாக வேண்டும், டீசலுக்குக் காற்று வேண்டும். அதற்காகக் கடல்மட்டத்துக்கு அருகே வந்து ஒரு குழாயை மட்டும் மேலே நீட்டும். அந்தக் குழாய் மேலே இருக்கும் நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம். இதைப் பிள்ளைகள் மனதில் ஏற்றிவிட்டுச் சாலையைக் கடந்து வாருங்கள்.

விமானத்தின் வயிற்றில் இருந்த ரேடார் அந்தக் குழாயையும் பிடிக்கும். குழாய் உள்ளே போய்விட்டால் காதுதான் கதி. சோனோபாய் என்ற உருளைகள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன, கட்டாயம் காட்டுங்கள். விமானத்திலிருந்து சிறு பாராசூட்டில் இறங்கி, தண்ணீரில் விழுந்ததும் மிதக்கும். அடியிலிருந்து ஒரு கம்பியில் ஒலிவாங்கி கீழே இறங்கும். கேட்டதை ரேடியோ வழியாக மேலே அனுப்பும். ஒன்றை மட்டும் போட்டால் சத்தம் இருக்கிறது என்பதுதான் தெரியும், எங்கே என்று தெரியாது. அதனால் வரிசையாகப் பலவற்றைப் போட்டு, எதில் சத்தம் கூடுகிறது, எதில் குறைகிறது என்று ஒப்பிடுவார்கள். போட்டவை திரும்ப எடுக்கப்படுவதில்லை. பேட்டரி தீர்ந்ததும் கடலில் மூழ்கிவிடும்.

அடுத்து வாலுக்குப் போங்கள். செங்குத்தான வால் நுனியில் பின்பக்கமாக நீண்ட ஒரு முனை தெரியும். அதற்குள் காந்தமானி. நீர்மூழ்கியின் உடல் பல நூறு டன் எஃகு; அது இருக்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் இம்மியளவு பிசகும். அந்தப் பிசகைப் பிடிக்கும் கருவியை விமானத்தின் எஞ்சின், மின்கம்பி எல்லாவற்றிலிருந்தும் எட்டவைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் அது வால் உச்சியில். சில நூறு மீட்டருக்குள் வந்தால்தான் அதற்குத் தெரியும் என்பதால் இத்தனை பெரிய விமானம் அலைக்கு மேலே தாழப் பறக்கவும் வேண்டியிருந்தது.

வால் அடியில் இரட்டைத் துப்பாக்கி இருக்கும். பையன்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். இந்த விமானத்தின் மூலவடிவம் டியு-95 என்ற குண்டுவீச்சு விமானம். அந்தப் பரம்பரைச் சொத்து அது. அதில் நேரத்தைச் செலவழிக்காமல் எஞ்சின்களின் விசிறிகளுக்கு (புரொப்பெல்லர்) இழுத்துவாருங்கள். நேரம் முழுவதையும் அங்கே கொடுத்தாலும் தகும்.

ஓர் எஞ்சினுக்கு இரண்டு விசிறி, ஒன்றன்பின் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. ஒவ்வொன்றிலும் நான்கு இதழ். நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து மொத்தம் 32 இதழ், எண்ணச் சொல்லுங்கள். எஞ்சின் என்.கே-12. ஒன்றின் பலம் சுமார் 15,000 குதிரைத்திறன். போருக்குப் பிறகு சோவியத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன் பொறியாளர்களின் கைவண்ணம் அதில் உண்டு. அவ்வளவு பலத்தையும் ஒற்றை விசிறியில் செலவழிக்க, தரையில் இடிக்கும் அளவுக்கு நீள இதழ் வேண்டும். இரண்டாகப் பிரித்ததால் 5.6 மீட்டர் விட்டத்தோடு முடிந்தது. முன் விசிறி காற்றைச் சுழற்றிவிடும், பின் விசிறி அந்தச் சுழற்சியை நேராக்கி உந்துவிசையாக்கும்.

கணக்குப் பாடத்துக்கும் இதில் தீனி உண்டு. 5.6ஐ 3.14ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு இதழ்நுனி போகும் தூரம் சுமார் 17.6 மீட்டர். நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று, அதாவது நொடிக்கு 12.5. ஆக நுனியின் வேகம் நொடிக்கு 220 மீட்டர். விமானமே நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் முன்னே போகும். இரண்டும் செங்குத்தான திசைகள் என்பதால் அப்படியே கூட்டக்கூடாது. பித்தாகரஸ் தேற்றம் போடுங்கள். 300ஐ ஒட்டி வரும். உயரத்தில் ஒலியின் வேகமும் அவ்வளவுதான். நுனி ஒலியை எட்டிப்பிடிக்கும்போது எழும் இரைச்சலும், முன் விசிறி கலக்கிய காற்றைப் பின் விசிறி வெட்டும் இரைச்சலும் சேர்ந்ததுதான் அரக்கோணத்துக்காரர்கள் கால் நூற்றாண்டு கேட்ட சத்தம். ஒளிந்திருப்பவனைத் தேடப் போகிற விமானம் இவ்வளவு சத்தம் போடலாமா என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான்! வேகத்துக்குக் கொடுத்த விலை அது. மணிக்கு 900 கிலோமீட்டரைத் தாண்டிய விசிறி விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உள்பக்க எஞ்சின்களின் பின்னால், இறக்கைக்கும் பின்னே நீளும் இரண்டு கூடுகளைக் குண்டு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். பறக்கும்போது சக்கரங்கள் மடங்கி ஒளியும் பெட்டி அது.

இந்த விமானங்கள் 29 ஆண்டுகள், 30,000 மணி நேரம், ஒரு விபத்தும் இல்லாமல் பறந்தன. 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைகொடுத்தார்கள். இதைச் சும்மா புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நடுவில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. உதிரிபாகம் தருகிற நாடு உடைந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். இங்கே காட்சிக்கு நிற்பது பறந்துவந்தே விசாகப்பட்டினத்தில் இறங்கியது. பிறகு பிரித்து, சாலைவழியே கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார்.

அரக்கோணத்தில் உப்புக்குத் தப்பிய விமானம் இப்போது அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கிறது. எங்களுக்கு உறுத்தல் அதுதான். உடலில் ரிவெட் வரிசைகளைக் கிட்டேபோய்ப் பாருங்கள். எந்தக் கடலோர விமானத்திலும் பெயின்ட் கொப்பளித்து, உள்ளே வெள்ளைப்பொடி தெரிந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். எஃகு திருகும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் உப்பீரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும், பேட்டரிக்குள் நடப்பதும் அதே வேதியியல்தான். மருந்து எளியது: அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், வயிற்றுப்பக்க வடிகால் ஓட்டைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும், பறவைக்கூட்டை எடுக்க வேண்டும், பெயின்ட் விட்ட இடத்தை உடனே மூட வேண்டும். இவற்றில் முதலில் மறக்கப்படுவது வடிகால் ஓட்டை. மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருக்கும் உலோகச் சட்டம் இற்றுப்போகும்.

ஊருக்குத் திரும்பியதும் ராஜாளியில் இன்னொரு டியு-142 காட்சிக்கு நிற்பதைச் சொல்லுங்கள். அது தளத்துக்குள் இருப்பதால் அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது. வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுக்கவும் விடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடிக்கிடந்தபோது பயணிகள் விமானங்கள் இறங்கி ஏறியதும் இந்த ஓடுதளத்தில்தான். இப்போது அங்கே 312 படையணி ஓட்டுவது போயிங் 737ஐ அடிப்படையாகக் கொண்ட பி-8ஐ (P-8I) என்ற ரோந்து விமானம். முதல் விமானம் 2013 மே மாதம் வந்தது. அமெரிக்கக் கடற்படை தன் பி-8இல் காந்தமானியை வேண்டாம் என்று விட்டுவிட்டது. நாம் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டோம். கோவாவின் ஐ.எல்-38 விமானங்களும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றுவிட்டதால், நம் கடற்படையின் சோவியத் காலத்து ரோந்து விமானங்களில் இனிப் பறப்பது ஒன்றும் இல்லை.

விமானத்துக்குள் இடம் குறுகல். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து உள்ளே அனுப்புங்கள். மற்றவர்கள் வெளியே இதழ் எண்ணட்டும். இரண்டு அருங்காட்சியகங்களின் நேரத்தையும் விடுமுறை நாளையும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பழைய விமானங்களைத் தேடிப் பார்க்கும் நண்பர்கள்