கணக்கப்பிள்ளைங்கறது எங்க குடும்பப் பேர் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 'பிள்ளை'ன்னா ஒரு சாதிக்காரங்க மட்டும் போட்டுக்கிற பட்டம்னு போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு, வாசிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எங்க தாத்தா இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா, அதாவது ஆளுங்க வேலையக் கணக்கெழுதி மேற்பார்க்கிறவரா இருந்தவரு. விடியக்காலையில ஆளுங்கள வேலைக்குப் பிரிக்கிற பிரட்டுக்களத்துல, பேர் பதியிற செக்ரோலோட நிப்பாரு, கொழுந்து கொறஞ்சா அன்னைக்கி அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான் விழும், அதனால லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல இருக்குற சனம் 'கணக்கப்புள்ள ஐயா'ன்னு கூப்பிடுறதுல மரியாதையும் இருக்கும் பயமும் இருக்கும். அது அவரு பாத்த வேல, அவ்வளவுதான். அவரு செத்தப்ப மரணச் சான்றிதழ் எழுதினவங்க அதையே குடும்பப் பேருன்னு நெனச்சு எழுதிட்டாங்க, ஐடென்டி கார்ட்ல ஒரு பேரு இதுல ஒரு பேருன்னு பாட்டி தாத்தாவோட ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு ரெண்டு வருசம் படியேறி எறங்குச்சு.

பிள்ளைன்னா மொதல்ல கொழந்ததான். தென்னங்கன்ன தென்னம்பிள்ளைன்னும் அணில அணிற்பிள்ளைன்னும் சொல்றது அந்தப் பாசத்துலதானே. திருஞானசம்பந்தர ஆளுடைய பிள்ளைன்னு சொல்றாங்க. திவ்யப் பிரபந்தத்துக்கு உரை எழுதின பெரியவாச்சான் பிள்ளை பிராமணர், புதுச்சேரில டைரி எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை யாதவர், நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர், திருவிதாங்கூர்ல மார்த்தாண்ட வர்மா காலத்து எட்டு வீட்டுப் பிள்ளைமார் நாயர்கள். வேளாளர் நெறைய பேர் போட்டுக்கிட்டாங்க, அது உண்ம, ஆனா அவங்களுக்கு மட்டும்னு சொல்றது எப்பிடி?

யாழ்ப்பாணத்துல வேலுப்பிள்ளை, சின்னப்பிள்ளைன்னு பேரோடயே ஒட்டிக்கிட்டு வரும், பொம்பளைங்களுக்கும் வைக்கிறாங்க. நம்ம சி.வி. வேலுப்பிள்ளை, 1947ல தலவாக்கலையில இருந்து பாராளுமன்றம் போனவரு, அவரு பேருலயும் அது அப்பிடித்தான் ஒட்டிக்கிட்டு வருது.

இப்பவும் பேர் கேட்டதும் 'ஓ அந்த ஆளுங்களா'ன்னு மூஞ்சியப் பாக்குறவங்க இருக்காங்க, இந்த மாதிரி எழுதினா அவங்களுக்கு இன்னும் வசதியாப் போயிரும். அதனால இந்த விளக்கத்தையும் தயவுசெஞ்சு அதே பக்கத்துல போடுங்க ஐயா. பதிவு எழுதுறவங்களும் தொழில் பேரு எது, அப்பா பேரு எதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுனா போதும், பாட்டி மாதிரி இன்னொரு கெழவி மழையில கியூவுல நிக்க வேண்டி வராது.

இப்படிக்கு,
தலவாக்கலை வாசகி