ப்ளூஸ் கிட்டார்: வலது கைக்கு விளம்ப காலம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன், இந்திராநகர் பக்கமுள்ள கிட்டார் வகுப்புகளில் புதிய முகங்கள் நிறைந்துவிடும். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் நிறையவே வருகிறார்கள். அவர்களில் ப்ளூஸ், அதாவது ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இசைவகை, பிடித்துப்போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இடது கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எந்த ஸ்கேல் (சுர வரிசை), எந்த பாக்ஸ் (விரல் வைக்கும் கட்டம்), எந்த லிக் (சிறு இசைத் துணுக்கு). ஆனால் ப்ளூஸைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் வலது கைதான். அந்தக் கை விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டுமே சரியாகும். பிள்ளைகளுக்கும் அவர்களை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இதை விளக்கமாகச் சொல்லத் தங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

ப்ளூஸின் அடிப்படை அமைப்பு 12 பார் (தாள அளவு). ஏ கீயில் (ஏ சுரத்தை ஆதாரமாகக் கொண்டு) என்றால் முதல் 4 பார் ஏ7 கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அடுத்த 2 பார் டி7, மறுபடி 2 பார் ஏ7, பிறகு இ7, டி7, ஏ7, இ7 என்று ஆளுக்கு ஒரு பார். பாருக்கு 4 பீட் (தாள எண்ணிக்கை). தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் ஒரு சுற்று முடிய 48 விநாடி ஆகும். ஐந்து சுற்றுக்கு 4 நிமிடம். லிக் நூறு தெரிந்தவர்கள்கூட இந்த 4 நிமிடத்தைக் காலம் ஓடாமல், அதாவது வேகம் கூடிவிடாமல், வாசிப்பது அரிது.

முதலில் ஷஃபில் என்ற துள்ளல் ரிதம். ஐந்தாம் தந்தியை ஓப்பனாக விடுங்கள். நான்காம் தந்தியில் 2ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) ஆள்காட்டி விரல்: இது முதல் பீட். இரண்டாம் பீட்டில் மோதிர விரல் அதே தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டில் இறங்கும்; ஆள்காட்டி விரலை எடுக்க வேண்டாம். மூன்றாம் பீட் முதலாவது போல, நான்காவது இரண்டாவது போல. ஒவ்வொரு பீட்டிலும் இரண்டு அடி. அந்த இரண்டும் சமமாக விழக் கூடாது. திஸ்ர நடையில், அதாவது பீட்டை மூன்றாகப் பிரித்து, 'தகிட' சொல்லுங்கள்: 'த'வில் ஓர் அடி, அதன் ஒலி 'கி' முடியும்வரை நீளட்டும், 'ட'வில் அடுத்த அடி. ஷஃபிலின் மொத்தக் கணக்கும் இதற்குள் இருக்கிறது.

இது இரண்டு விதமாகக் கெடும். சிலருக்கு இரண்டு அடியும் சமமாகிவிடும். அப்போது அது ராக் ரிதம் ஆகிவிடுகிறது. வேறு சிலருக்கு 'ட' மிகவும் தள்ளிப்போய் அடுத்த பீட்டோடு ஒட்டிக்கொள்ளும், குதிரைக் குளம்புச் சத்தம் போல. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: 'கி' வரும்போது என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. ஆகவே அந்த இடத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். இடது கை விரல்களைத் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடி வைத்து, 'த', 'கி', 'ட' மூன்றையும் டவுன் ஸ்ட்ரோக்காக (கீழ்நோக்கிய அடியாக), சுரமில்லாமல் 'டக் டக் டக்' என்று 4 பார் அடியுங்கள். அடுத்த 4 பாரில் 'கி'யை மட்டும் கை காற்றில் அடிக்கட்டும். வாய் மூன்றையும் சொல்லட்டும். அதன் பிறகுதான் விரலை அழுத்திச் சுரத்தை வரவழைப்பது. வாய் சொல்வதை ஒரு வாரத்துக்காவது நிறுத்தக் கூடாது. வாய் நின்றதும் கை பழைய வழிக்கே திரும்பும்.

டவுன் ஸ்ட்ரோக் மட்டும் போதுமா, அப் ஸ்ட்ரோக்கும் வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லாம் டவுனாக அடித்தால் ஒலி கனமாக வரும். கை மேலே திரும்புவதற்கு 'கி' நேரம் இருக்கிறது. 'த'வில் டவுன், 'ட'வில் அப் என்று அடித்தால் ஒலி இலேசாகும், வேகத்துக்கும் தாங்கும். இரண்டையும் பழகலாம், ஆனால் ஒரே சுற்றில் கலக்காதீர்கள். ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடின் 1950கள் இசைத்தட்டுகளில் எடி டெய்லரின் கிட்டாரைக் கேளுங்கள். பாட்டுக்கு அடியில் ஷஃபில் கொஞ்சமும் ஓடாமல், கொஞ்சமும் தூங்காமல் போய்க்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனம் போன்ற சோலோக்களை ஆயிரம் முறை கேட்கும் பிள்ளைகள் இதை ஒரு முறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் இடறலும் உண்டு. மிருதங்கமோ கொன்னக்கோலோ (தாளச் சொற்கட்டை வாயால் சொல்வது) கொஞ்சம் காதில் விழுந்த வீட்டில் 'தகிட' புதிதல்ல. 1964இல் டி.ஏ.எஸ். மணி தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் இந்த ஊரில்தான் இருந்தது. ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோவோடு சேர்ந்து இசைத்தட்டே வெளியிட்டார்கள். அதனால் நம் தாளமும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இசையும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைக்க வேண்டியதில்லை. இடறல் எங்கே என்றால், தாளம் போட்டுப் பழகிய உடம்பு சமத்தில், அதாவது முதல் அடியில், கனத்தை வைக்கும். ப்ளூஸில் கனம் 2ஆம், 4ஆம் பீட்டில். டிரம்மர் ஸ்நேர் டிரம்மை அடிக்கும் இடம் அது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, 1, 3இல் கால், 2, 4இல் கைத்தட்டு, வாயில் 'தகிட' என்று 5 நிமிடம் நடந்துகொண்டே பழகுங்கள். மூன்றும் பிசகாமல் வந்த பிறகு கிட்டாரை எடுத்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இதே காரணத்துக்காக மெட்ரோனோமையும் இடம் மாற்ற வேண்டும். முதலில் எல்லா பீட்டிலும் 'டிக்' கேட்கட்டும். பிறகு எண்ணைப் பாதியாக்கி, அந்த 'டிக்'கை 2, 4 என்று பாவியுங்கள். டெம்போ 80 என்றால் மெட்ரோனோம் 40இல் இருக்கும். பழைய சாவி மெட்ரோனோம்கள் பெரும்பாலும் 40க்குக் கீழே போகாது. மொபைல் ஆப்கள் போகும். முதல் நாள் 'டிக்' உங்களை அறியாமல் 1, 3க்கு நழுவிவிடும். நழுவினால் வாசித்துக்கொண்டே சரிசெய்யப் பார்க்காதீர்கள்; நிறுத்தி, 'டிக்'கோடு கை தட்டி, "ஒன்று" எங்கே என்று வாய்விட்டு எண்ணி, மறுபடி தொடங்குங்கள். 12 பாரும் பிசகில்லாமல் மூன்று தடவை வந்தால் 4 கூட்டுங்கள். பிசகினால் 8 குறையுங்கள். இது பொறுமையைச் சோதிக்கும் கணக்குதான், ஆனாலும் வேறு எந்த வழியும் இவ்வளவு நிச்சயமாகப் பலன் தருவதில்லை.

காலம் ஓடும் இடங்களும் பெரும்பாலும் தெரிந்தவைதான்: 4ஆம் பாரிலிருந்து 5ஆம் பாருக்குப் போகும்போது, 9, 10இல், பிறகு 12ஆம் பாரிலிருந்து மறுபடி தொடக்கத்துக்கு. கார்ட் மாறப்போகிறது என்ற பதற்றத்தில் இடது கை சீக்கிரம் கிளம்பிவிடும். அந்த பாரின் கடைசி 'ட' அறுந்துபோகும். 12 பாரையும் சுற்றிச் சுற்றி வாசித்து இதைத் திருத்த முடியாது. அந்த இரண்டு பாரை மட்டும் வெட்டி எடுத்து 50இல் சுழற்றுங்கள்.

கார்ட் மாற்றம் அப்படி ஒன்றும் பெரிய பயணமல்ல என்பதையும் காட்டிவிடுகிறோம். நான்காம் தந்தி, மூன்றாம் தந்தி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் 5ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மூன்றில் 6ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல்: இது ஏ7இன் உயிரான இரண்டு சுரங்கள். அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே, அதாவது கிட்டாரின் தலைப்பக்கம், தள்ளினால் டி7. ஏ7 இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே தள்ளினால் இ7. மூல சுரத்தை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு தந்திகளை 2, 4இல் மட்டும் அடித்து, அடித்த உடனே இடது விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். விரல் தந்தியைவிட்டு எழக் கூடாது, அழுத்தம் மட்டும் போக வேண்டும். எழுந்தால் ஓப்பன் தந்தி 'ங்' என்று ஒலிக்கும். சுரம் எப்போது தொடங்குகிறது என்பதை எல்லோரும் பழகுகிறார்கள். எப்போது முடிகிறது என்பதைப் பழகுகிறவர்கள் குறைவு. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது வரும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்தது பிக்கிங், அதாவது பிக் என்ற சிறு தகட்டால் தந்தியை மீட்டுவது. இங்கே மெதுவாகப் பழகுவதிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. 50இல் வாசிக்கும்போது கை எந்தக் கோணல் வழியில் போனாலும் சுரம் நேரத்துக்கு வந்துவிடும். முழங்கையை ஆட்டி அடித்தாலும் வரும், விரலை மடக்கி அடித்தாலும் வரும். அந்த வழி 110இல் நிற்காது. மூன்று மாதம் மெதுவாகப் பழகியும் வேகம் வரவில்லை என்பவர்களுக்கு நடந்தது இதுதான். ஆகவே முதலில் ஒரே தந்தியில் இரண்டு விநாடி மட்டும், சுத்தம் பார்க்காமல், சௌகரியமாக வேகமாக அடித்துக் கவனியுங்கள்: மணிக்கட்டு எப்படி அசைகிறது, பிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று. அதே அசைவைத்தான் விளம்ப காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடி சுருக்கென்று முடிய வேண்டும். இரண்டு அடிக்கு நடுவில் உள்ள ஓய்வுதான் நீள வேண்டும். அந்த ஓய்வில் கட்டைவிரலைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் பிடி இறுகிவிட்டது என்று பொருள்.

ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலில் தந்திக்கு இரண்டு சுரம். டவுன், அப் என்று அடித்து அடுத்த தந்திக்குப் போகும்போது, அப் ஸ்ட்ரோக் முடிந்த பிக், இப்போதுதான் அடித்த தந்தியையே தாண்ட வேண்டியிருக்கும். அங்கேதான் தட்டுப்பட்டு ஒலி அறுகிறது. பிக்கின் மேல் விளிம்பைத் தரைப்பக்கம் இலேசாகச் சாய்த்தால், அப் ஸ்ட்ரோக் முடியும்போது முனை தந்திகளைவிட்டுக் காற்றில் வெளியே வந்துவிடும். எந்தத் தந்திக்கும் தடையின்றிப் போகலாம். தந்தி மாறும் அந்த இரண்டு சுரங்களை மட்டும் 60இல், பீட்டுக்கு இரண்டாக, பழகுங்கள். பிக் முனை விரலுக்கு வெளியே 3, 4 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். 0.6 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய பிக் தந்தியில் பட்டு வளைந்து, பிறகே விடுபடும். சுரம் ஒரு கணம் தாமதமாகும். 0.88 முதல் 1 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் கலைஞர் ஃப்ரெட்டி கிங் கட்டைவிரலில் பிளாஸ்டிக், ஆள்காட்டி விரலில் உலோகப் பிக் மாட்டி வாசித்தார். அந்த வழியில் போக விரும்புகிறவர்களும் முதலில் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

பிக் இல்லாமல் விரலால் வாசிப்பவர்களுக்கு எல்லாமே கட்டைவிரல்தான். இ கீயில் ஆறாம் தந்தியை ஓப்பனாக, பாருக்கு நாலு அடி, உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் இலேசாக வைத்து மந்தமாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ் வாசிப்பில் இந்த வகை பேஸைக் கேட்கலாம். மிசிசிப்பி ஜான் ஹர்ட் போல தந்தி மாற்றி மாற்றி அடிப்பது அடுத்த கட்டம். இதில் வரும் ஒரே பெரிய தொல்லை, ஆள்காட்டி விரல் பீட்டுக்கு நடுவில் அடிக்கும்போது கட்டைவிரலும் கூடவே போய்விடுவது. கட்டைவிரல் மட்டும் அடித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவரை ஆள்காட்டி விரலைச் சேர்க்காதீர்கள். சேர்க்கும்போது முதலில் பீட்டின் மேல் ஒரு சுரம், அது ஊறிய பிறகே 'ட'வில் ஒரு சுரம்.

அபார்ட்மென்ட் வாழ்க்கையில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாமலே பலர் பழகுகிறார்கள். இது வேண்டாம். சத்தம் கேட்கவில்லை என்று கை தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கும். அடைக்காமல் விட்ட தந்திகளின் இரைச்சலும் காதுக்கு எட்டாது. சிறிய ஆம்பை டிஸ்டார்ஷன் இல்லாமல், பேச்சுக் குரல் அளவுக்கு வைத்தால் போதும், அல்லது ஹெட்ஃபோன். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாம் ரூமுக்கு (குழுவாக வாசிக்கும் அறைக்கு) போவது ஐந்து சுற்று நிலையாக வந்த பிறகு இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விருந்தாளிகள் வந்தால் பிள்ளையை "ஒரு பாட்டு வாசி" என்று கேட்காதீர்கள். ஏ கீயில் 12 பார் ஷஃபில், 60இல் ஐந்து சுற்று வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் 2, 4இல் கை தட்டுங்கள். மெட்ரோனோமும் பக்கத்தில் ஓடட்டும், மொபைலில் பதிவு செய்யுங்கள். மறுநாள் கிட்டாரைத் தொடாமல் இருவரும் அதைக் கேட்டால், எந்த பாரில் காலம் ஓடியது, ஓடியது கிட்டாரா கைத்தட்டா என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.