அடிபம்படியில் ஒரு மணி நேரம்

வடசென்னைத் தொடக்கப்பள்ளிகளைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். காசிமேட்டுப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருஷம் பிள்ளைகளோடு தெரு அடிபம்பைச் சுற்றி நின்றபோது, பார்வைக்கு வந்த ஒருவர், "கிளாஸ் நேரத்துல இங்க என்ன வேலை?" என்று கேட்டார். பிள்ளைகள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

"எங்க பம்புத் தண்ணில சோப்பே நுரைக்க மாட்டேங்குது மிஸ், இவன் வீட்டாண்ட மட்டும் நுரைக்குது" என்று ஒரு பையன் சொன்னதில் ஆரம்பித்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். நாலு பம்புத் தண்ணீர், ஒரு லாரித் தண்ணீர், எல்லாம் ஒரே அளவு பாட்டிலில். சோப்பைச் சீவிக் கரைத்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார்கள். லாரித் தண்ணீரில் ஐந்தாறு சொட்டுக்கே நுரை நின்றது. ஒரு பம்புத் தண்ணீரில் முப்பது தாண்டியும் நுரை இல்லை. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

கடலை ஒட்டிய பம்புதான் அது என்று நினைத்தேன். இல்லை, இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த பம்பு. "அங்க பெரிய பில்டிங்ல நாள் பூரா மோட்டார் ஓடுது மிஸ். அது ஓடுனாதான் தண்ணி கரிக்குது" என்றாள், அம்மாவோடு தினமும் குடம் தூக்குகிறவள்.

அன்று ராத்திரி நான்தான் உட்கார்ந்து படித்தேன். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அந்த மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நிற்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு அந்த 40 அடியும் ஏறப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் கெட்டதும் அளவுக்கு மீறி இறைத்துத்தான். மறுநாள் இதைச் சொன்னதும், "அப்போ மழைத்தண்ணிய உள்ள விட்டா?" என்று கேட்டார்கள். பள்ளியின் மழைநீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தோம். மண்ணும் பிஸ்கட் கவரும்.

அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003இல் தொடங்கியதே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல்தான். அட்டைகள் வந்தன, பிள்ளைகளோடு நாங்களும் தரையில் உட்கார்ந்தோம், நல்லதுதான். ஆனால் அட்டையில் கேள்வியை முன்பே அச்சடித்துவிட்டார்கள். சோப்புக் கேள்வி எந்த அட்டையிலும் இருந்ததில்லை.

வாரம் ஒரு மணி நேரம் வெளியே போக எழுத்தில் அனுமதி கொடுங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் ரோடுகளைத் தவிர்த்துக்கொள்கிறோம். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வரத் தயார். அப்புறம், போட்டோ மட்டும் கேட்காதீர்கள். போனை எடுத்தால் பிள்ளைகள் பம்பை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்க்கிறார்கள்.

ஐப்பசி மழைக்குள் தொட்டியைத் தூர்வார ஆள் அனுப்பினால் நல்லது. மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை நாங்கள் சொட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை