மாணவர் மனசு பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா எழுதுகிறேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு வந்த அரசு சீருடையில் பாதியை அளவு பிடித்துக் கொடுத்தது நான்தான். இவ்வளவு சொன்னதும் ஆள் யாரென்று தெரிந்திருக்கும். தெரியட்டும்.

போன மாதம் ஒரு நாள் சட்டைப் பாக்கெட் தொங்க வீட்டுக்கு வந்தான். "கம்பியில மாட்டிக்கிச்சும்மா" என்றான். கம்பியில் மாட்டினால் துணி 'ட' போலக் கிழியும். இதில் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் மூலை இரண்டிலும் தையல் மட்டும் விட்டிருந்தது. உள்ளே கையை விட்டு யாராவது இழுத்தால்தான் அப்படிப் பிரியும். ராத்திரி சோறு போட்டுவிட்டு மறுபடி கேட்டேன். "இன்னிக்கு என்ன லெட்டர் வச்சிருக்கன்னு பார்த்தாங்க" என்றான்.

எந்த லெட்டர் என்று உங்களுக்குப் புரிய, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

அவனுக்குப் பேச்சு திக்கும். காலையில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டுமே, அந்த 'உ' அவனுக்கு வராது. உதடு குவிந்து அப்படியே நிற்கும். வகுப்பு சிரிக்கும். மூன்று பையன்கள் "உ உ" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில், சாப்பாட்டு வரிசையில், பஸ் ஸ்டாப்பில் எல்லாம் அதே பெயர்தான். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. வளர்ப்பாலோ பயத்தாலோ வருவதில்லை. "மெதுவா பேசு, மூச்சை விட்டுப் பேசு" என்று குறுக்கே சொன்னால் இன்னும் சிக்கும். வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நானே.

"கண்டுக்காத, அவங்களே விட்டுடுவாங்க" என்றார் அவன் அப்பா. இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தான், அவர்கள் விடவில்லை. "திருப்பி ஒண்ணு போடு" என்றான் என் தம்பி. ஒருத்தன் மூன்று பேரை அடிப்பது சினிமாவோடு சரி.

மெஷின் ஓடும் சத்தத்தில் அவனுக்குப் பேச்சு அவ்வளவாகத் திக்காது. ஏனென்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதபோது சிலருக்குத் திக்கல் குறையும் என்று பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். நான் பெடலை மிதிக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வரியைச் சொல்லிப் பழகினான்: "என் பேரைச் சொல்லிக் கூப்பிடு." திக்கினாலும் பரவாயில்லை, பாதியில் நிறுத்தாதே, கண்ணைப் பார்த்துச் சொல் என்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை குழாயடியில் சொல்லியும் விட்டான். மூன்று இடத்தில் திக்கியதாம், ஆனாலும் முடித்துவிட்டானாம். அதைக் கேட்டு அவன் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பாவாடை இலவசமாகத் தைத்துத் தருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

அந்தத் தெம்பில்தான், பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டான். பெட்டி எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். வராண்டாவில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிரே. யார் சீட்டுப் போட்டாலும் இடைவேளையில் நிற்கிற இருநூறு கண்ணும் பார்க்கும். சாயங்காலமே "லெட்டர் போட்டியாமே" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்தச் சீட்டை வகுப்பில் எல்லோர் முன்னாலும் படித்து, நாலு பேரையும் எழுப்பி, கை குலுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குலுக்கினார்கள். மறுநாள்தான் பாக்கெட் பிரிந்தது.

ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தவறு செய்தவனையும் தாங்கியவனையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கை கொடுக்க வைத்தால், இருவரும் சண்டை போட்டார்கள் என்றுதானே அர்த்தம்? இவன் யாரோடும் சண்டை போடவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், அவருடைய தங்கையையும் சேர்த்து. தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். விஷயம் பள்ளிக்குத் தெரிந்த பிறகுதான் வெட்டு விழுந்தது. அது சாதி வெறி. எங்கள் கதையை அதோடு சேர்த்துப் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் புகார் சொன்னவனுக்குப் புகாருக்குப் பிறகுதான் ஆபத்து அதிகம் என்பது இரண்டிலும் ஒன்றுதான். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் பள்ளியில் அத்தனை பிள்ளைகள் இல்லை. அப்படியானால் இங்கே அந்த வேலை யாருடையது?

உங்களுடையது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறைக் கதவும் சுற்றுச்சுவரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். பெட்டியில் எத்தனை சீட்டு வந்தது, என்ன செய்தோம் என்று இதுவரை ஒரு வரி பேசியதில்லை.

அந்த மூன்று பையன்களில் ஒருவனுடைய அம்மா இந்தக் குழுவில் இருக்கிறார். பெயர் எழுதப்போவதில்லை. அவன் கால்சட்டைக்கும் நான்தான் இடுப்பு பிடித்தேன், நின்ற இடத்தில் நிற்காமல் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனை பள்ளியைவிட்டு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், என் பையனையும் தனியாக. பெட்டியை நூலகப் பக்கம் மாற்றுங்கள். சீட்டை வகுப்பில் படிக்காதீர்கள். வருகைப் பதிவில் இவன் கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அதற்குக் காசு செலவில்லை. கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் சுவரில் இருக்கின்றன, ஆனால் அலுவலக அறைக்கு உள்ளே. வெளியே எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். பையனும் வருகிறேன் என்கிறான், பேசுவானா தெரியாது. பேசினால் முடிக்கும்வரை யாரும் வாக்கியத்தை எடுத்துக்கொடுக்க வேண்டாம். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக என்றைக்குத் திறந்தார்கள் என்பதை மட்டும் அன்றைக்குத் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா