கொட்டுகிறது என்கிறார்கள்

நாஷுவா, நியூ ஹாம்ஷயர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபிக்காரர் வரும் நேரம் பார்த்து அம்மா பூஜை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை மீனாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். டென்வருக்குக் குடிபோய் ஒரு வருஷம் முடியவில்லை, அதற்குள் மகளோடு சேர்ந்து நீயும் பனிமலையில் சறுக்கும் ஸ்கீ கற்றுக்கொண்டு, கீழே விழுந்து, எழுந்து, இப்போது ஸ்கீ ரிசார்ட்டுகள் போடும் பனி ரிப்போர்ட் மேல் கோபப்படும் அளவுக்கு வந்துவிட்டாய். பாராட்டுகள். ராத்திரி 9 அங்குலம் புதுப்பனி என்று போட்டதை நம்பி விடிகாலை எழுந்து, ஐ-70 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஊர்ந்து போனால், அங்கே சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்ததா? "யாரைத்தான் நம்புவது?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கு இது புதிதா என்ன? குற்றாலத்தை மறந்துவிட்டாயா?

1997 ஜூனில் பாளையங்கோட்டை விடுதியிலிருந்து எஸ்.டி.டி. போட்டு லாட்ஜ்காரரிடம் கேட்டோமே, "சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்று. "சூப்பரா விழுது சார், கொட்டுது, வாங்க" என்றார். ஆறு பேர் பஸ் ஏறிப் போனோம். மெயினருவியில் பாறை நனையும் அளவுக்குத் தண்ணீர். ஐந்தருவியில் ஒரு அருவி மட்டும், அதுவும் வீட்டுக் குழாய் மாதிரி. அறைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. உன் தென்காசிச் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு, "என்னையக் கேட்டிருக்கலாம்லடே" என்றார். அதற்கப்புறம் நாம் லாட்ஜ்காரருக்குப் போன் போட்டதே கிடையாது. சித்தப்பா "வராதீங்க" என்றால் போகமாட்டோம். அவருக்கு அறை வாடகை வராது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

பனி விஷயமும் இதேதான். இதை நான் வயிற்றெரிச்சலில் மட்டும் சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். எங்கள் மாநிலத்து டார்ட்மத் கல்லூரியில் ஜின்மன், ஜிட்ஸெவிட்ஸ் என்று இரண்டு பொருளியல் பேராசிரியர்கள். (அந்தக் கல்லூரிக்கே சொந்தமாக ஒரு ஸ்கீ மலை உண்டு, இப்படி ஓர் ஆராய்ச்சி அங்கே பிறந்ததில் ஆச்சரியமில்லை.) 2004 முதல் 2008 வரை ரிசார்ட்டுகள் தாங்களே அறிவித்த பனி அளவுகளை எடுத்து, கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சனி ஞாயிறுகளில் மட்டும் 23 சதவீதம் அதிகம் பனி! அரசாங்க வானிலைக் கணக்கில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. மேகத்துக்கு வார விடுமுறை தெரியாது, டிக்கெட் கவுண்டருக்குத் தெரியும். பொய்யால் லாபம் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய இடங்களில் மிகையும் கூடுதலாக இருந்ததாம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது பிற்பகுதி. 2009 வாக்கில் ஐபோன் செயலி ஒன்றில், மலையில் நிற்பவரே அங்கிருந்தபடி "பனி இவ்வளவுதான்" என்று எழுத வசதி வந்தது. உடனே மிகை சடசடவென்று இறங்கிவிட்டது. அதுவும் எந்த மலையில் ஐபோனுக்கு சிக்னல் நன்றாகக் கிடைத்ததோ, அங்கே இன்னும் அதிகமாக. சிக்னல் கோபுரம் போய் மனசாட்சிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது பார்.

ஆனால் எல்லாரும் உட்கார்ந்து பொய் எண் எழுதுகிறார்கள் என்று நினைக்காதே. போன வருஷம் மலைமேல் ஏற்றிக்கொண்டு போகும் நாற்காலி லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ஒருவன், முன்பு ஒரு மலையில் பனி ரிப்போர்ட் எழுதும் வேலை பார்த்தவன். எந்த மலை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேலே போவானாம். மரங்களுக்கு நடுவே காற்று அடிக்காத இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை, அதன்மேல் விழுந்ததை அளவுகோல் வைத்து அளந்து, பலகையைத் துடைத்துவிட்டு வரவேண்டும். "நான் பொய் சொன்னதே இல்லை. பலகையை எங்கே வைப்பது என்று மட்டும் யோசிப்போம்" என்றான். கையுறையைக் கழற்றி, லிஃப்டின் குறுக்குக் கம்பிமேல் படிந்திருந்த பனியை விரலால் தொட்டுக் காட்டினான். ஒரு முனையில் விரல்கணு அளவு, இன்னொரு முனையில் ஒன்றுமே இல்லை. ஒரே கம்பி, ஒரே காற்று. இதில் எந்த முனையை அறிவிப்பாய்?

எங்கே அளப்பது என்பது பாதிதான். எப்போது அளப்பது என்பது மீதி. பனி விழ விழத் தன் பாரத்தாலேயே அமுங்கும். காலையில் 10 அங்குலம் இருந்தது சாயங்காலம் 7 ஆகிவிடும். அதனால் அடிக்கடி அளந்து, துடைத்து, அளந்து, துடைத்துக் கூட்டினால் தொகை பெருகும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது நாளுக்கு நாலு தடவைக்கு மேல் அளக்கக்கூடாது என்பது அமெரிக்க வானிலைத் துறையின் விதி. 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்து மாண்டேக் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் விழுந்ததாகக் கணக்கு வந்தது, தேசிய சாதனை. விசாரித்தால் ஆறு தடவை அளந்திருக்கிறார்கள். சாதனை செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். பழைய சாதனையே நின்றது: 75.8 அங்குலம், 1921 ஏப்ரல், கொலராடோவில் சில்வர் லேக். உன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, போல்டருக்கு மேற்கே. மாண்டேக்கில் அளந்தவர் எதையும் விற்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அவர் கணக்கே இப்படியென்றால், டிக்கெட் விற்பவர் கணக்கு எப்படி இருக்கும், சொல்.

அப்புறம் இந்த அகராதியை மனப்பாடம் செய்துகொள். 'ஃப்ரோஸன் கிரானுலர்' என்றால் ஐஸ். ஐஸ் என்ற சொல்லை இந்தப் பக்கத்து ரிப்போர்ட் எதிலும் நான் பார்த்ததில்லை, மாமியார் பெயரைச் சொல்லாத மருமகள் மாதிரி. பவுடர் என்பது மாவு மாதிரி மிருதுவான புதுப்பனி, 'பேக்ட் பவுடர்' என்றால் இரண்டு நாள் முன்னால் நன்றாக இருந்தது. '4 முதல் 8 அங்குலம்' என்றால் அடிவாரத்தில் 4, உச்சியில் 8, நீ சறுக்கப்போவது அடிவாரத்தில். '48 மணி நேரத்தில்' என்று ஆரம்பித்தால் நேற்று ஒன்றும் விழவில்லை. 'வேரியபிள்' என்றால் கிளம்பாதே, வீட்டில் தோசை சுடு. இத்தனை பாதைகள் திறந்திருக்கின்றன என்ற எண்ணையும் அப்படியே விழுங்காதே: ஒரே சரிவை மேல், நடு, கீழ் என்று மூன்றாக வெட்டி மூன்று பாதை என்பார்கள். ஐரோப்பாக்காரர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்டோஃப் ஷ்ராஹே என்ற ஜெர்மன்காரர் பாதைகளின் நீளத்தை அளந்து பார்த்து, பல ரிசார்ட்டுகள் கிலோமீட்டரைக் கூட்டிச் சொல்கின்றன என்று 2013இல் போட்டு உடைத்தார். அதற்கு வந்த சமாதானம் என்ன தெரியுமா? சறுக்குகிறவர் வளைந்து வளைந்துதானே இறங்குகிறார், அந்த வளைவையும் சேர்த்துச் சொன்னோம் என்றார்கள்! நம்மூர் ஆட்டோக்காரருக்கே தோன்றாத யோசனை.

ரிசார்ட்டை மட்டும் திட்டினால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்கீக்காரர்கள் யோக்கியமா? நல்ல பவுடர் விழுந்த அன்று நண்பன் கிடையாது என்பது இவர்கள் வேதவாக்கு. மறைவான சரிவில் முழங்கால்வரை பனி கண்டவன் கீழே வந்து, "ரொம்ப மோசம், காற்று எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுச்சு" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான். அப்படியே திரும்பிப்போய் இன்னொரு தடவை இறங்குவான். எதிர்வகையும் உண்டு, அதில் நானும் அடக்கம். இரண்டு வருஷம் முன்னால், கார் ஓட்டத் துணை வேண்டுமே என்று, அலுவலக நண்பரிடம் "செம பனியாம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். போன பிறகு மானம் காக்க ஊன்றுகோல் பாதிவரை புதைந்திருக்கிற படம் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அது வேலியோரம் காற்று குவித்து வைத்த மேடு. இரண்டடி தள்ளிப் புல் தெரிந்தது. படத்தை வெட்டிவிட்டேன். அந்த நண்பர் இன்றுவரை என்னை நம்பி மலைக்கு வருவதில்லை.

நான் இப்போது பார்ப்பது இவைதான். வெர்மான்ட்டில் மேன்ஸ்ஃபீல்டு மலையுச்சிக்குக் கீழே பனியின் ஆழம் பார்க்க ஒரு அளவுக்கம்பம் இருக்கிறது, 1954லிருந்து அளக்கிறார்கள். பல வருஷம் அளந்து வந்தவர்கள் அங்கிருக்கும் டிவி ஒளிபரப்பு நிலையத்து ஆட்கள். டிக்கெட் விற்கிறவர்கள் இல்லை. கம்பம் 40 அங்குலத்தைத் தொட்டால் மரங்களுக்கு நடுவே சறுக்கலாம் என்பது இந்தப் பக்கத்து வாய்மொழி விதி. உன் பக்கத்தில் இன்னும் வசதி. ஸ்னோடெல் என்று விவசாயத் துறை மலையெங்கும் நிலையங்கள் வைத்திருக்கிறது. பனியைத் தலையணை மாதிரி ஒரு பையின்மேல் விழவைத்து எடைபோட்டு, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும். கோடையில் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. நீ ஸ்கீக்குப் போகிறாயா இல்லையா என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. தண்ணீர்க் கணக்கு முக்கியம், ரவி. எங்கள் ஊர்ப் பனியை மண்வெட்டியில் அள்ளினால் முதுகு போய்விடும், உங்கள் ஊர்ப் பனியைத் துடைப்பத்தால் பெருக்கலாம். இரண்டும் 9 அங்குலம்தான்.

அப்புறம் ரிசார்ட்டின் கேமரா. கம்பத்தையே நேராகக் காட்டும் கேமரா வைத்திருக்கும் மலைக்கு என் மரியாதை தனி. காட்டாத மலைக்குக் காரணம் இருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மகளுக்குத் துணிச்சல் வந்து ரிசார்ட்டின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போக ஆசைப்பட்டால், கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் அனுப்பாதே. மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஆபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவார்கள். மூன்று என்றால் நடுத்தரம் என்று நாம் பரீட்சை மார்க் மாதிரி படித்துவிடுவோம். அது ஆபத்தான எண். அவர்கள் விற்பதற்கு ஒன்றுமில்லை, சித்தப்பா மாதிரி.

இங்கே மற்றபடி சுகம். ஹீட்டர் இரண்டு நாள் மக்கர் செய்தது, சரிசெய்தாகிவிட்டது. பெரியவன் கல்லூரி விண்ணப்பங்களை முடித்துவிட்டதாகச் சொல்கிறான். இதற்கும் ஒரு கேமரா இருந்தால் தேவலை. மார்ச்சில் நீ இந்தப் பக்கம் வருவதாயிருந்தால் முன்னாலேயே சொல், லீவு போட்டுவிடுகிறேன். பனி எப்படியிருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதே, நீ வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

நாளை இங்கே விடுமுறை, மலைக்குப் போவதாக இருந்தோம். வெளியே மழை சத்தம் கேட்கிறது. இப்போதுதான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், 'வேரியபிள்' என்று போட்டிருக்கிறார்கள். மீனா மாவு அரைத்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
முருகேசன்